முத்து பாஸின் நாக்கு

நிரப்பு அறை ஒழுங்குவிதி, ஏழாம் பிரிவு: "ஒவ்வொரு தொகுதியிலும் முதற் போத்தலின் வாயு அளவை அழுத்தமானியால் அளந்து, நீரின் வெப்பநிலையோடு சேர்த்து அட்டவணையில் சரிபார்த்த பின்னரே நிரப்புதலைத் தொடர வேண்டும். ருசி பார்த்தல் இதற்கு ஈடாகாது."

இந்த விதியை எழுதியவன் நான். கொட்டாஞ்சேனையில் ஒரு சோடாக் கம்பனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். அதிகாரி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். தரமும் நானும் ஒரே சிறிய அறையில் இருந்தோம், கதவைச் சாத்தினால் இருவருக்கும் மூச்சு முட்டும். பல்கலைக்கழகத்தில் இரசாயனமும் உயிரிரசாயனமும் படித்துவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து அலுத்து, தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு அங்கே சேர்ந்தேன். அந்தத் தற்காலிகத்தில் தலை நரைத்தது.

இன்று அதே கதிரையில் இருப்பவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். இப்போது கருவி தானாகவே போத்தலைத் துளைத்து எண்ணைத் திரையில் காட்டுகிறதாம். "அந்தக் காலத்தில நாக்கால பார்த்துத்தான் காஸ் வைச்சனீங்களாம், உண்மையே?" என்று சிரித்தார். ஓம் என்றேன். அந்த ஓமுக்குப் பின்னால் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளக்கும் முறையைச் சொல்லவேண்டும். சோடா என்பது குளிர்ந்த நீருக்குள் காபனீரொட்சைட்டைப் பலவந்தமாகப் புகுத்திப் பூட்டிவைப்பது. அழுத்தமானியின் ஊசி தகர மூடியைத் துளைத்து உள்ளே போகும். பிறகு போத்தலைக் குலுக்கவேண்டும். முள் ஏறும், நிற்பதுபோல் நடிக்கும், மறுபடி குலுக்கினால் இன்னும் ஏறும். இனி ஏறாது என்று நிச்சயமான பிறகுதான் அதைக் குறிக்கலாம். அதன்பின் மூடியைக் கழற்றி வெப்பமானியை விடவேண்டும். குளிர்ந்த நீர் வாயுவை அடக்கிவைத்திருக்கும். சூடேறினால் வெளியே தள்ளும். காலையில் சாதுவாக இருந்த போத்தல் மத்தியான வெயிலில் வேறு ஆளாகிவிடும்.

இவ்வளவையும் முத்து பாஸ் நாக்கால் செய்தார். அந்தோனிமுத்து என்பது ஞானஸ்நானப் பெயர். நிரப்பு அறையின் மேற்பார்வையாளர் என்பதால் எல்லாருக்கும் பாஸ். தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுவயதில் தகப்பனோடு கொழும்புக்கு வந்தவர். ருசி பார்க்குமுன் பச்சைத் தண்ணீரால் வாயைக் கொப்பளிப்பார். ஒரு துண்டு கிறீம் கிறக்கர் பிஸ்கட்டைக் கடிப்பார். ஒரு மிடறு சோடாவை நாக்கின் மேல் நிறுத்தி, கண்ணை மூடி, வடிகானுக்குள் துப்பிவிட்டு விரலைக் காட்டுவார். ஒரு விரல் மேலே என்றால் வால்வை ஒரு சுற்றுத் திறக்கவேண்டும். உள்ளங்கை கீழே என்றால் மூடவேண்டும். அவர் விரல் காட்டிய பிறகு நான் போய் அளப்பேன். அநேகமாக இரண்டும் ஒத்துப்போகும். எனக்கு அதில் ஒரு சிறு எரிச்சல்கூட இருந்தது. ஆனாலும் அளப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை.

முதலாளியை நாங்கள் ஹாஜியார் என்போம். அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. வாசலில், லொறிக்கும் படலைக்கும் நடுவே நின்றபடியே முழுக் கம்பனியையும் நடத்துவார். நல்ல செய்தியைக் கேட்டால் வானத்தைப் பார்ப்பார், கெட்ட செய்தி என்றால் சொன்னவனின் செருப்பைப் பார்ப்பார். யாரையும் ஏசமாட்டார். ஒரு நிமிடம் செருப்பைப் பார்த்தாலே போதும், நமக்குக் கால் கூசும்.

அழுத்தமானியை வருடந்தோறும் ஒப்பீட்டுச் சோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். புலிகள் தாக்கிக் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த பிறகு வந்த மாதங்கள் அவை. நகரத்தில் தகரம் விழுந்தாலும் ஆட்கள் குனிந்தார்கள். நான் கருவியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். சந்திச் சோதனைச் சாவடியில் ஒரு பொலிஸ்காரர் துணியைப் பிரித்தார். உள்ளே கடிகாரம் போல வட்ட முகம், முள், கீழே ஒரு குழாய், அதன் நுனியில் ஊசி.

"மொக்கத மே?" என்ன இது என்று கேட்டார்.

"அழுத்தமானி. சோடா அளக்கிறது" என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

"சோடாவைக் குடிப்பார்கள். எதற்கு அளக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை. கருவியைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னை அடையாள அட்டையோடு திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன்.

ஹாஜியார் என் செருப்பைப் பார்த்தார். பிறகு, "சரி, புதிசு வாறவரைக்கும் முத்துட நாக்கு ஈக்கிதானே" என்றார். என்னாலும் மறுக்கமுடியவில்லை. ஒருநாளும் பிழைக்காத நாக்கு அது.

அந்த நேரத்தில்தான் முத்து பாஸின் கண் விவகாரம் நடந்துகொண்டிருந்தது. மின்விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது, தலை பிளக்கிறது என்று அவர் சொன்னதும் கண் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார்கள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணையாவது காப்பாற்ற அறுவை செய்யவேண்டும். அதற்கு முறை வரும்வரை வெள்ளை மாத்திரை நாலு வேளையும் போடவேண்டும். சொட்டு மருந்து மட்டும் போதாது.

"எப்பிடி பாஸ், மருந்து ஒத்துக்கொள்ளுதோ?" என்று கேட்டேன்.

"விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்குங்க சேர். அடிக்கடி ஒண்ணுக்கு வேற. ஆனா தலைவலி நின்னுருச்சு. லைட்டச் சுத்தி இருந்த வளையமும் போயிருச்சுங்க."

இதெல்லாம் நல்ல அறிகுறி என்று சந்தோஷப்பட்டோம். பிறகு நிரப்பு அறையில் அவர் விரல் மேலே எழத் தொடங்கியது. "காஸ் பத்தலீங்க." ஒரு சுற்று. மறுநாளும் மேலே. வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருவர், மூடியைத் திறந்ததும் சோடா முகட்டுக்குப் பாய்ந்ததாக வந்து சொன்னார். ஹாஜியார் வானத்தைப் பார்த்தார். "பாத்தீங்களா? இதான் எங்கட சோடா!" நான் வாயுவைக் குறைக்கச் சொன்னேன். முத்து பாஸ் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, என்னை வேதனையோடு நோக்கினார். "சேர், இது தண்ணிங்க. இத குடுத்தா கம்பனி பேர் கெட்டுரும்." அளந்து காட்ட என்னிடம் கருவி இல்லை. வால்வு அவர் சொன்னபடியே நின்றது.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சற்று முன்னர், வெயில் உச்சியில் நின்ற நேரம். பெட்டிகள் ஏற்றிய லொறி சோதனைச் சாவடிக்கு அருகே வரிசையில் நின்றது. ஒரு போத்தல் வெடித்தது. அதன் கண்ணாடி பக்கத்துப் போத்தலில் பட்டு அதுவும் வெடித்தது. பிறகு பெட்டி பெட்டியாக வெடித்தன. கம்பனிக்குள் இருந்த எங்களுக்குத் துப்பாக்கிச் சூடு போலவே கேட்டது. வெளியே நின்ற சிப்பாய்கள் தரையில் விழுந்தார்கள். ஓர் இளம் சிப்பாயின் கன்னத்தைக் கண்ணாடி கிழித்துவிட்டது. வீதியில் இரத்தமும் இஞ்சிச் சோடாவும் கலந்து ஓடியதை நான் படலையில் நின்று பார்த்தேன்.

அவர்கள் உள்ளே வந்து கேட்ட முதற் கேள்வி, இதை நிரப்பியது யார் என்பது.

"நான்தாங்க" என்றார் முத்து பாஸ். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அப்படித்தான் அவருக்குப் பழக்கம்.

சட்டைப் பையைச் சோதித்தார்கள். கடதாசி உறையில் வெள்ளை மாத்திரைகள். உறையில் டொக்டரின் கிறுக்கலை எவராலும் வாசிக்க முடியவில்லை. அந்த வருடங்களில் தமிழன் ஒருவன் சட்டைப் பைக்குள் விழுங்குவதற்கு ஏதும் வைத்திருந்தால் அது சயனைட் என்றே நினைப்பார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மாத்திரை வேறாக, ஆள் வேறாகக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் ஹாஜியாரும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வெறுங்கையோடு எங்கும் போவது ஹாஜியாருக்கு வழக்கமில்லை. கலியாண வீடோ அரசாங்கக் கந்தோரோ, எங்கே போனாலும் ஒரு பெட்டி சோடா கூடவே போகும். அன்றும் முச்சக்கர வண்டியில் இருந்து ஒரு பெட்டியை இறக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசற்படியில் ஏறினார். போத்தல்கள் கிலுகிலுத்தன. காவலில் நின்றவர் துப்பாக்கியை நீட்டினார். உள்ளே இருந்த எழுதுவினைஞர் மேசைக்குக் கீழே போய்விட்டார்.

"ஹாஜியார், அதைக் கீழ வையுங்கோ" என்றேன்.

"கீழ வெச்சா ஒடஞ்சிடுமே."

"மெதுவா வையுங்கோ!"

அன்று எங்களை உள்ளே விடவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகவும் விடவில்லை.

மறுநாட்காலை முத்து பாஸின் மனைவி பிலோமினா என்னிடம் வந்தார். கையில் கிளினிக் அட்டையும் மிச்ச மாத்திரைகளும். "ஒரு வேளகூட விடக்கூடாதுன்னு டொக்டர் சொன்னாருங்க. விட்டா அந்த ஒரு கண்ணும் போயிருமாம். உள்ள குடுக்க மாட்டேங்குறாங்க." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சேர்த்துச் சொன்னார். "அவரு வேணும்னு செய்யலீங்க சேர். கொஞ்ச நாளா வீட்டுலயும் அதேதான். சோத்துல உப்பு தெரியுது, டீயில சீனி தெரியுது. சோடா மட்டும் தண்ணின்னு சொல்றாரு. இந்த மாத்திர போட்டதுலேருந்துதான்."

அட்டையில் இருந்த மருந்தின் பெயரை வாசித்தேன். அசற்றசோலமைட்.

அது காபோனிக் அன்ஐதரேசு என்ற நொதியத்தை முடக்கும் மருந்து. அந்த நொதியம் நம் உடலெங்கும் இருக்கிறது. காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்து அமிலமாவதைக் கணத்தில் நடத்திவைப்பது அதன் வேலை. கண்ணுக்குள் நீர் சுரக்க அது வேண்டும். அதை முடக்கினால் சுரப்புக் குறையும், அழுத்தம் இறங்கும், பார்வை தப்பும். ஆனால் நாக்கிலும் அதே நொதியம் இருக்கிறது. சோடாவின் சுருக்கென்ற கடி, குமிழி குத்துவதால் வருவதில்லை. வாயு நாக்கில் அமிலமாவதை உணர்வதால் வருவது. நொதியத்தை முடக்கினால் குமிழி இருக்கும், கடி இராது. பரீட்சைக்கு நான் இவ்வளவையும் படித்தவன். முத்து பாஸும் நானும் ஒரே அறையில் நின்றோம், அந்த மாத்திரையை அவர் என் கண்முன்னால் விழுங்கினார்.

பிலோமினா கொண்டுவந்ததில் ஒன்றை நானே விழுங்கினேன். மத்தியானம் ஒரு போத்தலைத் திறந்து குடித்தேன். குமிழிகள் நாக்கில் ஓடின. அவ்வளவுதான். பாத்திரம் கழுவிய நீரை வாயில் விட்டதுபோல இருந்தது. அதே போத்தலைக் காவலாளியிடம் கொடுத்தேன். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. "அம்மாடி, என்ன காஸ் சேர் இது!"

அடுத்த நாள் காலையிலேயே பொலிஸ் நிலையத்தில் நின்றேன். பொறுப்பதிகாரி நடுத்தர வயதுச் சிங்களவர், அமைதியான மனிதர். அவருடைய அலுமாரியின் மேல், கழுத்தில் சீட்டுத் தொங்க, என் அழுத்தமானி இருந்தது. நான் சொன்னதையெல்லாம் அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"ஒரு மாத்திரை என் நாக்கை ஏமாற்றுமா?" என்றார். "உங்கள் சோடாவைத்தான் தினமும் பின்னேரம் சாராயத்தோடு குடிக்கிறேன்."

"நீங்களே ஒன்று போட்டுப் பார்க்கலாம் சேர். நானும் உங்கள் முன்னால் போடுகிறேன். இது சல்பா வகை மருந்து, அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் வேண்டாம்."

அருகில் நின்ற சார்ஜன்ட் ஓர் அடி முன்னே வந்தார். "சேர், வேண்டாம் சேர்!"

பொறுப்பதிகாரி அவரைப் பார்த்துச் சிரித்தார். "நான் செத்தால் இவரைப் பிடித்துவை." நாங்கள் இருவரும் விழுங்கினோம். வேலை செய்ய இரண்டு மணித்தியாலமாவது வேண்டும் என்றேன். நிலையத்துக்குப் பின்னாலுள்ள தம்முடைய விடுதிக்கு என்னையும் சார்ஜன்டையும் கூட்டிப்போனார். ஹாஜியாரின் பெட்டி அங்கே ஒரு மூலையில், சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தொடவேண்டாம் என்று, பழைய வால்வு அளவில் நானே நிரப்பிக் கொண்டுவந்த போத்தல்களைப் பனிக்கட்டியில் வைத்தேன். காத்திருந்தோம். பொறுப்பதிகாரி நாலைந்து தடவை முற்றத்துக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போனார். "இதையும் உங்கள் மாத்திரைதான் செய்கிறதா?" என்றார். ஓம் என்றேன்.

கடைசியில், அலுமாரியிலிருந்து கூடவே எடுத்துவந்த அழுத்தமானியால் ஒரு போத்தலை அளந்து காட்டினேன். அட்டவணைப்படி சரியான அளவு. அதே தொகுதியில் இன்னொன்றைத் திறந்து முதலில் சார்ஜன்டிடம் கொடுத்தேன். குடித்து, ஏவறை விட்டு, "நல்லா இருக்கு சேர்" என்றார். பொறுப்பதிகாரி வாங்கி ஒரு மிடறு குடித்தார். அவர் முகம் மாறியதை நான் இன்றும் மறக்கவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழியைப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"மேக்க வத்துரனே!" என்றார். தண்ணீர்தானே இது!

பிறகு அவர் எழுந்தார். "அந்த மனிதனைக் கூட்டிவா. மாத்திரையையும் எடுத்துவா. முதலில் மாத்திரையைக் கொடு." சார்ஜன்ட் ஓடினார். திரும்பி வந்தபோது அவர் பின்னால் பணியில் இருந்த பொலிஸ்காரரும் வந்தார்.

"அவரை ஏற்றியாச்சு சேர். தடுப்புக்காவல் கட்டளையோடு வண்டி வந்தது. தெற்கிலுள்ள தடுப்பு முகாமுக்கு."

"என்னைக் கேட்காமலா?"

"நான் வந்து கழிப்பறைக் கதவைத் தட்டினேன் சேர். தண்ணீர்ச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. வண்டி நிற்காது என்று சொன்னார்கள். கட்டளையில் கையெழுத்துச் சரியாக இருந்தது."

பொறுப்பதிகாரி கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தார். அவருக்கும் எறும்பு ஊரத் தொடங்கியிருந்தது.

பிலோமினா மாத்திரைகளை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். பொறுப்பதிகாரி கைப்பட எழுதிய துண்டும் அவரிடம் இருந்தது. வாசலில் அதை வாசித்துவிட்டு, கட்டளை பிறப்பித்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். உள்ளே மருத்துவ வசதி உண்டு என்றும் சொன்னார்கள். அந்த வசதி பனடோல் வலிமாத்திரை என்று பின்னால் தெரிந்தது.

அனுமதி கேட்டு நான் விண்ணப்பம் எழுதினேன். எனக்கு நடைமுறை தெரியும். மூன்று மொழியிலும் எழுதினேன், உரிய பிரதிகளோடு, கிளினிக் அட்டையின் சான்றுப் பிரதியோடு, பதிவுத் தபாலில். மாத்திரைக்கு அனுமதி முதலாவது கோரிக்கை, விடுதலை இரண்டாவது. பொறுப்பதிகாரி தம் அறிக்கையையும் இணைத்தார். தாமே மாத்திரையை விழுங்கியதையும், கழிப்பறைக்குப் போனதையும், அந்த நேரத்தில் நடந்ததையும் ஒன்றும் மறைக்காமல் எழுதியிருந்தார். அப்படி எழுதிய அதிகாரி ஒருவரை நான் அதற்குமுன்போ பின்போ கண்டதில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அலுவலக வாசலுக்குப் போனேன். "பரிசீலனையில் உள்ளது" என்றார் ஒருவர். கண்ணுக்கு மருந்து கொடுக்கலாமா என்பதில் பரிசீலிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என் அடையாள அட்டையைக் கேட்டார்.

பிலோமினா ஒவ்வொரு முறையும் போய்வந்து சொன்னதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். முதலில் தலைவலி திரும்பியது. பிறகு விளக்கைச் சுற்றி வளையம். பிறகு, "பக்கத்துல வான்னு சொல்றாருங்க, பக்கத்துலதான் நிக்கிறேன்."

தீபாவளி கழிந்து ஒருநாள், காரணம் எதுவும் சொல்லாமல் அவரை விட்டுவிட்டார்கள். பிலோமினாவின் தோளைப் பிடித்தபடி கம்பனிப் படலைக்கு வந்தார். ஹாஜியார் வழக்கம்போல வாசலில் நின்றார். அன்று அவர் வானத்தைப் பார்க்கவில்லை, யாருடைய செருப்பையும் பார்க்கவில்லை. முத்து பாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜியார் இருக்காருங்களா?"

"ஈக்கேன் முத்து. ஒனக்கு முன்னுக்குத்தான் ஈக்கேன்."

சோடா கொண்டுவரச் சொன்னார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முத்து பாஸ் முதலில் தண்ணீர் கேட்டு வாயைக் கொப்பளித்தார். ஒரு மிடறை நாக்கில் நிறுத்தினார். கண்ணை மூடவில்லை, அதற்கு இனி அவசியமிருக்கவில்லை. உள்ளங்கையை மெதுவாகக் கீழே காட்டினார்.

"காஸ் கொஞ்சம் கூடங்க. அர சுத்து மூடணும்."

கருவி அப்போது என்னிடம் திரும்பி வந்திருந்தது. போய் அளந்தேன். அரைச் சுற்றுத்தான்.

கண்ணைப் பார்த்த டொக்டர், இனி மாத்திரை தேவையில்லை, காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றார். ஹாஜியார் அவரை நிரப்பு அறையிலேயே ஒரு கதிரை போட்டு இருத்தினார்.

விண்ணப்பத்துக்குப் பதில் என் பெயருக்கு வந்தது. முறையான தலைப்பு, முறையான இலக்கம், சுத்தமான தட்டச்சு. மேற்படி தடுப்புக்காவல் கைதிக்குக் கண் மாத்திரைகளை வழங்குவதற்கு, வைத்தியச் சான்றிதழைச் சமர்ப்பிக்கும் பட்சத்தில், ஆட்சேபனை இல்லை என்று அதில் இருந்தது. நிரப்பு அறைக்குப் போய் முத்து பாஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முழுதையும் மரியாதையாகக் கேட்டார்.

"இது என்னைக்குங்க சேர் வந்துச்சு?"

"இண்டைக்குத்தான் பாஸ்" என்றேன். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்.